பக்கம் மாற்றியவள்

வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய பழுப்புக் கவர் வந்தால் ஜெயபாய் அதைப் பிரிக்காமல் ரேடியோப் பெட்டிமேல் வைத்திருப்பாள். சனிக்கிழமை மதுரையிலிருந்து புருஷன் வந்து, குளித்து, சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பிரிப்பாள். சாப்பாட்டு மேசையை ஈரத்துணியால் துடைத்து, அது காய்கிறவரை காத்திருந்து, அவர் கொண்டுவந்த தோல் அட்டைப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி நடுவில் வைப்பாள்.

புத்தகம் என்று பேர்தானே தவிர அது தைத்த புத்தகம் இல்லை. உள்ளே வளையங்கள் இருக்கும். வளையத்தைத் திறந்து எந்தத் தாளையும் எடுக்கலாம், எந்தத் தாளையும் கோக்கலாம். ஒவ்வொரு தாளிலும் ஒரு விமான நிலையம். எந்தத் திசையில் இறங்கவேண்டும், சுற்றிலும் மலை எவ்வளவு உயரம், வழி சொல்லும் ரேடியோ எந்த எண்ணில் பேசும் என்பதெல்லாம் படமாகவும் பொடி எழுத்தாகவும் அச்சடித்திருக்கும். அந்த விவரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு ஊரில் புதிதாக ஒரு கோபுரம் எழும்பும். இன்னொரு ஊரில் ரேடியோ எண்ணை மாற்றிவிடுவார்கள். மாறினதை மட்டும் மெல்லிய தாளில் அச்சடித்து, இரண்டு வாரத்துக்கு ஒருதரம் அனுப்பிவைப்பார்கள். பழைய தாளைக் கழற்றிக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதியதைக் கோக்கவேண்டும். கோக்காத புத்தகத்தை நம்பி மேகத்துக்குள் போகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு போகிறவன் என்று பொன்னுராஜ் சொல்வார்.

பொன்னுராஜ் விமானப்படையில் சரக்கு விமானம் ஓட்டியவர். எண்பதுகள் முழுக்க அவர்கள் அஸ்ஸாம் பக்கம்தான் இருந்தார்கள். பிள்ளை இல்லை. தொண்ணூற்றொன்றில் ஓய்வு வாங்கிக்கொண்டு சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார்கள். ஜெயபாய்க்குப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. மடவார் வளாகம் போகிற வழியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். பொன்னுராஜ் தோட்டம் போட்டார், கோழி வளர்த்தார், இரண்டும் பிடிக்காமல் மாடியில் போய் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்படி நின்றவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் ராஜபாளையம் சௌந்தரபாண்டியன். பஞ்சாலை, பேண்டேஜ் துணி ஆலை என்று இரண்டு மூன்று வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்தில் பொன்னுராஜுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். தனியாரும் விமானம் ஓட்டலாம் என்று சட்டம் வந்ததும் கூட்டாளிகளைச் சேர்த்து இரட்டை இன்ஜின் வைத்த சின்ன விமானம் ஒன்றை வாங்கி மதுரையில் நிறுத்தினார். ஆலைக்காரர்களையும் வியாபாரிகளையும் சென்னைக்கும் கொச்சிக்கும் கோயமுத்தூருக்கும் கொண்டுபோய்க் கொண்டுவருகிற கம்பெனி. பொன்னுராஜ் அதற்குக் கேப்டன்.

பக்கம் மாற்றுகிற வேலையை முதலில் அவர்தான் செய்தார். ஆபீஸில் வந்த கவர்கள் மேசைக்கு அடியிலும் டீ கிளாசுக்கு அடியிலும் கிடந்ததைப் பார்த்து, வீட்டு முகவரிக்கே வரும்படி எழுதிப்போட்டார். ஆனால் அவர் விரல்கள் தடித்தவை. மெல்லிய தாள் வளையத்தில் மாட்டிக் கிழியும்.

"கொண்டாங்க, கிழிச்சுக் கிழிச்சு வைக்காதீய," என்று ஒரு சனிக்கிழமை ஜெயபாய் வாங்கிக்கொண்டாள்.

அதிலிருந்து அது அவளுடைய வேலையாயிற்று. அவள் பழைய தாளின் எண்ணை வாசிப்பாள். அவர் சரி என்பார். கழற்றுவாள். புதிய தாளின் எண்ணை வாசிப்பாள்; அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துச் சரி என்பார். கோப்பாள். இடையிடையே எந்தத் தாளில் என்ன மாறியிருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவளுக்குப் பாதி புரியும். புரிகிறதா இல்லையா என்று அவர் கேட்டதும் இல்லை. ஊரில் மற்ற புருஷன் பெண்டாட்டிகள் சனிக்கிழமை சினிமாவுக்குப் போனார்கள். இவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்வந்தார்கள். அதைவிடச் சந்தோஷமான நேரம் தன் கல்யாணத்தில் இருந்ததாக ஜெயபாய்க்கு நினைவில்லை.

தொண்ணூற்று நான்கின் கடைசியில் சௌந்தரபாண்டியன் சிங்கப்பூர் போய்வந்தார். வரும்போது விமானத்தில் பொருத்த ஒரு கருவியைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலத் திரை. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் கேட்டு, விமானம் எங்கே இருக்கிறது என்று தானே படம் போட்டுக் காட்டும். அதைப் பொருத்தின சந்தோஷத்துக்கு ராஜபாளையத்தில் தன் வீட்டில் விருந்து வைத்தார். பொன்னுராஜையும் ஜெயபாயையும் கார் அனுப்பிக் கூப்பிட்டார். வன்னியம்பட்டிக்காரனான துணை விமானி கண்ணுச்சாமியும் வந்திருந்தான். ராணுவத்தில் இருந்த அப்பனுக்குப் பிறந்தவன், நல்ல கெட்டிக்காரன். பொன்னுராஜ் வீட்டில் மீன்குழம்பு என்றால் சொல்லாமலே வந்து உட்காருவான்.

"எப்படி இருக்கு கேப்டன் நம்ம டிவி?" என்று இலைமுன் உட்கார்ந்தபடியே கேட்டார் சௌந்தரபாண்டியன்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி. வெள்ளக்காரன் கெட்டிக்காரன்தான். பட்டப்பகல் மாதிரி காட்டுது," என்றார் பொன்னுராஜ். அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் திரையைப் பற்றி வீட்டில் அவர் பேசினபோது ஜெயபாய்க்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்திருந்தது.

"அப்போ இனி அந்தப் பேப்பர் மூட்டை எதுக்கு? சந்தாவை நிப்பாட்டிரச் சொல்லிட்டேன்."

பொன்னுராஜ் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அது வேண்டாம் அண்ணாச்சி. இது கரண்டுல ஓடுறது. மழைக்குள்ள ரெண்டு தடவை அணைஞ்சு அணைஞ்சு வந்துச்சு. கண்ணுச்சாமியும் பாத்தான். அணைஞ்சா கையில ஒண்ணு வேணும்லா?"

"ஆமா அண்ணாச்சி," என்றான் கண்ணுச்சாமி, "மழைன்னா கண்ணை மூடிக்கிடுது."

"புதுப் பொண்ணு, அப்படித்தான் வெக்கப்படும். பழகினா சரியாயிரும்," என்றார் சௌந்தரபாண்டியன். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஒரு வீட்டுக்கு ரெண்டு பொண்டாட்டி எதுக்குங்கேன். என்ன டீச்சர், நான் சொல்றது?"

ஜெயபாய் தனக்கு வைத்த பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

ஜனவரியோடு கவர் நின்றது. முதல் தடவை தபால் பிந்துகிறது என்று நினைத்தாள். பிறகு தபாலாபீசிலேயே போய்க் கேட்டாள். ஒன்றும் வரவில்லை என்றார்கள். சனிக்கிழமை பொன்னுராஜிடம் சொன்னபோது அவர் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"சொன்ன மாதிரியே நிப்பாட்டிட்டாரு," என்றார்.

"அப்போ நீங்க போகாதீய. கவர் வந்தாத்தான் வருவேன்னு சொல்லுங்க."

"சொன்னேன். கண்ணுச்சாமி ஓட்டுவான், நீங்க ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லுதாரு." விசிறியைக் கீழே வைத்தார். "அவன் சின்னப்பய ஜெயா. நான் இறங்கிட்டா அவன் தனியா போவான். அதுக்கு நான் இருக்கறது தேவலை."

அது பாதி உண்மை என்று ஜெயபாய்க்குத் தெரியும். மீதிப் பாதி, தரையில் நின்றால் அவருக்கு மூச்சு முட்டும் என்பது. தோட்டத்தையும் கோழியையும் அவள் பார்த்திருக்கிறாள். அதனால் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பிற்காலத்தில் அவள் சௌந்தரபாண்டியன்மேல் கொண்ட கோபத்துக்குச் சமமாக, செத்துப்போன புருஷன்மேலும் ஒரு கோபம் வைத்திருந்தாள். தெரிந்தே போனாரே என்று. அதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமைகளில் பொன்னுராஜ் இப்போதும் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். மேசைமேல் வைத்து, மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். கொஞ்ச நாளில் கொண்டுவருவதையும் விட்டுவிட்டார்.

தொண்ணூற்றைந்து ஜூலையில், தென்மேற்கு மழை மலையைப் போர்த்திக்கொண்டு கிடந்தபோது, பொன்னுராஜ் கொச்சியில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் விமானத்தோடு மதுரைக்குத் திரும்பினார். கண்ணுச்சாமி கல்யாண ஏற்பாட்டுக்காக லீவில் இருந்தான். மலைக்கு மேலே மேகம். நடுவில் எங்கோ திரை அணைந்திருக்கிறது. அணைந்ததை அவரே ரேடியோவில் மதுரைக்குச் சொன்னார். பேப்பரைப் பார்த்து வருகிறேன் என்றும் சொன்னார். அவர் கையில் இருந்த தாளில் போட்டிருந்த எண்ணை ஏப்ரலில் மாற்றிவிட்டார்கள். பழைய எண்ணில் வழி சொல்ல யாரும் இல்லை. வெறும் இரைச்சல். மலையைத் தாண்டிவிட்டோம் என்று எண்ணி இறங்கத் தொடங்கியிருக்கிறார். தாண்டவில்லை. ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் ஆறு இறங்கி வருகிற மலையின் உச்சிப் பக்கம் விமானம் மோதிற்று. ஆலைகளில் பகல் ஷிப்டில் இருந்தவர்கள் இடி என்று நினைத்தார்கள்.

மழை விட்டு வனத்துறை ஆட்கள் ஏறிப்போய்ப் பார்த்து வந்தார்கள். மூடின பெட்டியைத்தான் ஜெயபாயிடம் கொடுத்தார்கள். திறக்கவேண்டாம் என்று போதகர் சொன்னார். அவள் திறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு சௌந்தரபாண்டியன் பெரிய மாலையோடு வந்தார். எல்லோரையும்விட அதிகமாக அழுதார்.

விசாரணைக்கு மதுரைக்கு வரச்சொல்லி ஜெயபாய்க்கு ஆள் வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பொன்னுராஜின் தம்பி வந்தான். அவனும் சௌந்தரபாண்டியனின் ஆலையில்தான் சூப்பர்வைசர்.

"மதினி, போனவிய போயாச்சு. அங்க போயி ஏதும் சொல்லி, இருக்கிறவன் பிழைப்பைக் கெடுத்திராதீய."

"உங்க அண்ணனுக்கு என்ன நடந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டாமா?"

"சொல்லி என்ன, எந்திரிச்சா வரப்போறாவ?"

காப்பி போட்டுக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுக்கு வரவில்லை.

விசாரணை விமான நிலையத்தில் ஓர் அறையில் நடந்தது. வட இந்திய அதிகாரி ஒருவரும் சென்னையிலிருந்து வந்த தமிழ் அதிகாரி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனிக்கு ஒரு வக்கீல். சௌந்தரபாண்டியன் வெள்ளைச் சட்டையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஜெயபாய் பேப்பர் நின்ற கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். விருந்தில் அவர் சொன்னதையும் சொன்னாள்.

வக்கீல் எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துல என்ன பாடம் எடுக்கிறீங்க?"

"தையல்."

"விமானம் சம்பந்தமா ஏதாவது படிச்சிருக்கீங்களா?"

"இல்லை."

"ஆனா அந்தப் புத்தகத்துல பக்கம் மாத்தினது நீங்கதான்."

"அவிய கூடவே இருந்து ஒவ்வொண்ணா சரிபாத்தாவ."

"அதைக் கேக்கல. கழற்றினதும் கோத்ததும் யார் கை?"

"என் கை," என்றாள் ஜெயபாய்.

தமிழ் அதிகாரி அதை எழுதிக்கொண்டார். அந்த அறையில் அதுவரை அவள் சொன்ன எதையும் அவர் அவ்வளவு வேகமாக எழுதவில்லை.

"கவர் உங்க வீட்டு முகவரிக்குத்தானே வரும்? கம்பெனி ஆபீசுக்கு வராது, இல்லையா?"

"வீட்டுக்குத்தான் வரும். ஜனவரிக்குப் பொறவு வரலை. இவரு நிப்பாட்டிட்டாரு. அனுப்புற இடத்துக்கு எழுதிக் கேட்டா தெரிஞ்சிரும்."

"கேட்டிருக்கோம்மா. இன்னும் பதில் வரல்லை," என்றார் தமிழ் அதிகாரி.

சௌந்தரபாண்டியன் எழுந்து நின்றார். "சார், நான் எதையும் நிப்பாட்டலை. கவர் என்ன ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மா துக்கத்துல பேசுது. நான் தப்பா எடுத்துக்கிடலை." சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

அடுத்தது கண்ணுச்சாமி. வழவழவென்று சவரம் செய்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். ஜெயபாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கேள்வி கேட்ட தமிழ் அதிகாரியை மட்டும் பார்த்தான்.

"திரை மழையில் அணைந்ததாக இந்த அம்மா சொல்கிறார். நீங்கள் பார்த்தீர்களா?"

"நான் கவனிக்கலை சார்."

"விருந்தில் இதைப் பற்றிப் பேச்சு நடந்ததா?"

"பல பேச்சு நடந்துச்சு சார். ஞாபகம் இல்லை."

"பக்கங்கள்?"

"அது கேப்டன் வீட்டு விசயம் சார். அக்காதான் பாத்துக்கிடுவாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அறிக்கை சில மாதம் கழித்து வந்தது. திரை அணைந்ததாக விமானி ரேடியோவில் சொன்னது எதனால் என்று, கருவி எரிந்து உருகிவிட்டதால் உறுதிசெய்ய முடியவில்லை. கவரைப் பற்றிக் கேட்டதற்கு, அனுப்புகிற இடத்திலிருந்து பதில் வரவில்லை. விமானி வைத்திருந்த வரைபடங்கள் பழையவை. அவற்றைப் புதுப்பித்து வைப்பது விமானியின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர், தகுதியில்லாத ஒருவரிடம் வீட்டில் ஒப்படைத்திருந்தார். இவ்வளவுதான் அதன் சாரம். ஒரு மாலைப் பத்திரிகை அதை இன்னும் சுருக்கிற்று: மனைவியின் கவனக்குறைவால் மலையில் மோதிய விமானி.

அன்று பள்ளிக்கூடத்தில் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆசிரியைகள் அறையில் அவள் நுழைந்தபோது பத்திரிகையை யாரோ மடித்து உட்கார்ந்த இடத்துக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவிலில் ஒரு பெண், கெட்ட எண்ணமில்லாமல்தான், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்களுக்கு என்ன தெரியும் பாவம், உங்க தலையில இதைக் கட்டினது அவிய தப்புதான்." ஜெயபாய் கையை உருவிக்கொண்டாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அவள் லீவு போட்டுவிட்டு வீட்டைப் புரட்டினாள். ரேடியோப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு அடியில், பழைய பேப்பர்க் கட்டுக்குள், தையல் மிஷின் இழுப்பறையில் பார்த்தாள். கவர் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். தபாலாபீசில் தானே போய்க் கேட்டது ஞாபகம் இருந்தது. இருந்தும் தேடினாள். தன் நினைவையே தான் சந்தேகப்படும்படி வைத்துவிட்டார்களே என்று தோன்றியபோது தரையில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். அவர் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

சௌந்தரபாண்டியன் காப்பீட்டுப் பணத்தில் வேறு விமானம் வாங்கினார். கண்ணுச்சாமி அதற்குக் கேப்டனானான். அவன் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. கொடுக்க ஆள் வரவில்லை. ஜெயபாய் போகவில்லை.

மறுவருஷம் மார்ச்சில் ஒரு சாயங்காலம் ஓர் இளம்பெண் கதவைத் தட்டினாள். கழுத்தில் புதுத் தாலி, தோளில் ஒரு பெரிய துணிப்பை. வன்னியம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாள்.

"அக்கா, நான் செல்லத்தாய். கண்ணுச்சாமி வீட்ல இருந்து வாரேன்."

ஜெயபாய் உள்ளே வரச்சொன்னாள். அந்தப் பெண் மேசையில் பையை வைத்துப் பிரித்தாள். உள்ளே தோல் அட்டை போட்ட புத்தகம், புதுசு. கூடவே வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய பழுப்புக் கவர்.

ஜெயபாய் அதைத் தொடாமல் பார்த்தாள். "இது எப்போ இருந்து வருது?"

"அந்த விபத்துக்குப் பொறவு மொதலாளி சந்தாவைத் திரும்பக் கட்டச் சொல்லிட்டாராம்க்கா. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு வருது. இவியளுக்கு நேரமில்லை, நீ மாத்திவைன்னுட்டாவ. எனக்கு ஒண்ணுமே விளங்கலை. யாருகிட்ட கேக்கன்னு கேட்டேன். உங்க பேரைச் சொன்னாவ."

"அவன் சொன்னானா, என் பேரை?"

"ஆமாக்கா. உங்கள மாதிரி சுத்தமா யாரும் செய்ய முடியாதுன்னு சொன்னாவ."

ஜெயபாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயசு இருக்கும். முகத்தில் கள்ளமில்லை. என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் கதையை மாற்றித்தான் சொல்லியிருக்கவேண்டும்.

"திரும்பக் கட்டச் சொல்லிட்டாராம்னு சொன்னியே. அப்போ இடையில நின்னிருந்துச்சுன்னு அவனுக்குத் தெரியும்லா?"

செல்லத்தாய் விழித்தாள். "அது எனக்குத் தெரியாதுக்கா."

ஜெயபாய் கவரை எடுத்தாள். பிரிக்கவில்லை. புத்தகத்தோடு சேர்த்துத் துணிப்பைக்குள் வைத்து, பையை அந்தப் பெண்ணின் தோளில் மாட்டிவிட்டாள்.

"ஏட்டி, கேளு. இதை நீ தொடாத. அவனையே மாத்தச் சொல்லு. நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, யார் கைன்னு கேப்பாவ. அப்போ உன் கையா இருக்கக்கூடாது."

செல்லத்தாயின் முகம் சுண்டிப்போயிற்று. "கல்யாணமாகி ஆறு மாசம் ஆகலை. இப்படி வாய்விட்டுச் சொல்லுதீயளேக்கா."

"சொல்லத்தான் செய்வேன். போயிட்டு வா. கடைசி பஸ்ஸை விட்டுராத."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஜெயபாய் அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது கதவைச் சாத்தின பிறகுதான் உறைத்தது. திரும்பக் கூப்பிடவில்லை.

நின்றுபோன கவர் இப்போது மறுபடி வருகிறது என்று தமிழ் அதிகாரிக்கு எழுதி அனுப்பினாள். விசாரணை முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வன்னியம்பட்டிப் பக்கத்திலிருந்து படிக்க வருகிற பிள்ளைகள் மூலம் வேறொரு பேச்சும் வந்தது. தன் புருஷனைத் தின்றுவிட்டு அடுத்தவள் தாலியைச் சபிக்கிறாள் அந்தத் தையல் டீச்சர் என்று. கண்ணுச்சாமியின் பக்கங்களைச் செல்லத்தாயே மாற்றுகிறாள் என்றும், இப்போது நன்றாகப் பழகிவிட்டது என்றும் கேள்விப்பட்டாள்.

ஜெயபாய் எதையும் மறுக்கப் போகவில்லை. ஏழாம் வகுப்புக்கு அந்த வாரம் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளின் துணியை ஒவ்வொன்றாக வாங்கி, தையல் கோணினவற்றைப் பிரித்துக் கையில் கொடுத்து, நீயே போடு என்றாள்.